அரசாங்கத்துக்கு வயதாகாது, அப்பாவுக்கு ஆகும்

அப்பா ரிட்டயர் ஆகப் போகிற வருடத்தில்தான் எங்களுக்குச் சொந்தமாக வீடு கிடையாது என்பது எனக்கு உறைத்தது. அதுவரை தெரியாமல் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டை, இது நம்முடையதில்லை என்று யாராவது தினமும் நினைத்துக்கொண்டா இருப்பார்கள்? ஓட்டுக் கூரை, முன்னால் பலாமரம், பின்னால் சில்வர் ஓக் வரிசை. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸ். அப்பா அங்கே ரைட்டர். காலையில் ஆள் கணக்கு எடுத்து, யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது, சாயங்காலம் பறித்து வந்த பழத்தை எடை போட்டு எழுதுவது, வாரக் கூலி போடுவது எல்லாம் அவர் பாடு. அம்மா டவுனில் ஒரு மிஷன் பள்ளியின் ஹாஸ்டல் சமையலைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது.

நான் பொருளாதாரம் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வாரம் முழுக்கக் கீழே, சனிக்கிழமை மலை. எனக்குக் கொடுத்திருக்கிற பாடம் பொது நிதி. அரசாங்கம் எங்கிருந்து வாங்குகிறது, எதில் செலவழிக்கிறது, வாங்கிய கடனை எப்படித் தாங்குகிறது என்பதெல்லாம். பாதிப் பேர் தூங்கி வழிகிற பாடம்தான், ஆனால் எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. முதல் வகுப்பிலேயே பலகை முழுக்கப் பெரிதாக எழுதிவிடுவேன்: 'அரசாங்கம் ஒரு வீடு அல்ல.' பிறகு வருடம் முழுக்க அந்த ஒரு வரியைத்தான் விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதை என் சொந்த வீட்டிலும் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். டிவியில் நாலு பேர் அரசாங்கக் கடனைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தக் கடனை மக்கள்தொகையால் வகுத்து, ஒவ்வொருவர் தலையிலும் இவ்வளவு என்று ஒருவர் காட்டினார்.

"கேட்டியா கண்ணு, நேத்துப் பொறந்த கொழந்த தலையிலயும் கடன்ங்கறான்" என்றார் அப்பா. "நம்மூட்டுல வரவுக்கு மேல இப்படிச் செலவு பண்ணுனா அடுப்பு எரியுமா?"

"அரசாங்கம் ஊடு மாதிரி இல்லீங்கப்பா."

"ஏன், அதுக்குப் பசிக்காதா?"

"பசிக்குமுங்க. வயசாகாது."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். இது போதாதா எனக்கு? சோற்றுக் கையோடு ஆரம்பித்தேன். நீங்கள் ஒரு வயதில் சம்பாதிப்பதை நிறுத்தியாக வேண்டும், அதற்குள் எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும், அதனால்தான் கடன் என்றால் உங்களுக்குப் பயம். அரசாங்கம் ரிட்டயர் ஆவதே இல்லை. பழைய கடனுக்குக் கெடு வந்தால் புதுக் கடன் வாங்கி அதைக் கொடுக்கும். வருமானம் கடனைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தால் இது இப்படியே ஓடும்.

"அதுக்கு எங்கூர்ல கைமாத்துன்னு பேரு" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். "இவகிட்ட வாங்கி அவளுக்கு, அவகிட்ட வாங்கி இவளுக்கு."

"அதேதாங்கம்மா!"

"அப்படிப் பண்ணிட்டிருந்தவள ஹாஸ்டல்ல வேலைய உட்டே நிறுத்திப்போட்டாங்க."

நான் விடவில்லை. "நீங்க ஒருத்தர் செலவு பண்ணாம இருந்தா உங்களுக்கு மிச்சம். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல செலவு பண்ணாம இருந்தா? காபி யாரு வாங்கறது? எஸ்டேட் எப்படி ஓடும்? ஒருத்தர் செலவுதானுங்கப்பா இன்னொருத்தர் வரவு. எல்லாரும் கையக் கட்டிக்கிறப்போ யாராவது ஒருத்தர் செலவு பண்ணியாகணும்."

"எல்லாஞ் சரி கண்ணு. கடைசில யாரு கட்டறது?"

"கடைசின்னு ஒண்ணு இல்லீங்களே, அதுதான் விஷயம்."

"எனக்கு இருக்குது" என்றார் அப்பா. கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜர் முந்தின நாள் தன்னைக் கூப்பிட்டுப் பேசியதை அப்போதுதான் சொன்னார். ரிட்டயர் ஆகும் அன்றைக்கு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகளாக மாற்றப் போகிறார்கள்.

முந்தின முதலாளி காலத்தில் அப்படி இல்லை. ரிட்டயர் ஆன ரைட்டர்கள் குவார்ட்டர்ஸிலேயே கடைசிவரை இருந்தார்கள். யாரும் எதிலும் எழுதிவைக்கவில்லை, அது வழக்கம், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் எஸ்டேட் கை மாறியது. வழக்கம் மட்டும் கூடவே கை மாறவில்லை.

அப்பா ரிட்டயர்மெண்டுக்குத் திட்டமில்லாமல் இருந்தவரில்லை. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் சேர்ந்து ஒரு தொகை வரும். அதைத் தொடாமல் பேங்கில் போட்டால் மாதம் இவ்வளவு வட்டி, கூடவே மளிகைக் கடைக்காரர் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஒரு பென்ஷன். இதற்குள் குடும்பம் நடந்துவிடும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தார். செலவுகளை விரல் விட்டுச் சொல்லச் சொன்னேன். சாமான், போன், கேபிள், அம்மாவின் சுகருக்குத் தனியார் டாக்டர் எழுதும் மாத்திரை, கோயில் காணிக்கை, கல்யாண மொய், வருடத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி. வரவுக்குள் அழகாக அடங்கிவிட்டது.

"வாடகைங்கப்பா?"

"அதான் இப்பத் தேட வேண்டியிருக்குது."

"கரண்ட் பில்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பில் என்று ஒன்று வந்து நான் பார்த்ததே இல்லை. எஸ்டேட் கட்டியது. தண்ணீர் எஸ்டேட் ஊற்றிலிருந்து குழாயில் வந்தது. கவாத்து செய்து விழுந்த சில்வர் ஓக் கிளைகள்தான் எங்கள் விறகு. இந்தக் குளிரில் மூன்று பேர் வெந்நீரும் அதில்தான் காய்ந்தது, அதனால் ஒரு கேஸ் சிலிண்டர் எங்களுக்கு மாதக்கணக்கில் வந்தது. காபித்தூள் வாங்கியதில்லை. மிளகு வாங்கியதில்லை. பலாப்பழத்துக்குக் காசு கொடுப்பார்கள் என்பதையே நான் சேலத்துக்குப் படிக்கப் போனபோதுதான் பார்த்தேன்.

ஊர் கூலியெல்லாம் பைசா பிசகாமல் போட்டவர் அப்பா. தன் சம்பளத்தில் பாதி, சம்பளம் என்ற பெயரில்லாமல் வந்துகொண்டிருந்ததை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவர் மட்டுமல்ல. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. கையில் வாங்கி எண்ணாத எதுவும் எங்களுக்கு வரவு இல்லை.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு டிவிக்காரர் ஞாபகம் வந்தது. தலைக்கு இவ்வளவு கடன் என்று வகுத்தாரே, தலைக்கு எத்தனை அடி மலைப்பாதை என்று வகுத்தாரா? அம்மா பிரஷருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வாங்கி வருகிற மாத்திரையை? ரேஷன் அரிசியை? நான் படித்த கல்லூரியில் நான் கட்டிய ஃபீஸ் பரீட்சைப் பேப்பர் செலவுக்குக்கூடப் போதுமா? கடன் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அதைக்கொண்டு செய்ததெல்லாம் ஊற்றுத் தண்ணீர் மாதிரி, குழாய் நிற்கிற அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே அப்பாவிடம் சொன்னேன், மூச்சுவிடாமல்.

பொறுமையாகக் கேட்டார். "நொம்ப நல்லாருக்குது சாமி. இப்ப வாடகைக்கு என்ன பண்றதுன்னு சொல்லு."

என்னிடம் பதில் இருந்தது. கடன். அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. என் பெயரில் வீட்டுக் கடன் வாங்கலாம், அப்பாவின் பணத்தில் கொஞ்சம் முன்பணம் கட்டலாம். கடன் வாங்கினாலும் கையில் ஒரு சொத்து நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அம்மாதான் பேசினாள்.

"அடிவாரத்துல ஊடு வாங்கிப்போட்டு, நான் தெனமும் இருபது வளைவும் ஏறி வந்து ஹாஸ்டல் புள்ளைங்களுக்குச் சாம்பார் வெக்கறதா? எட்டாவது வளைவுலயே எனக்குக் கொடலப் பொரட்டும். வந்து எறங்கறப்ப சாம்பார் வெக்கற நெலமைலயா இருப்பேன்?"

சில வருடம்தானே என்று சமாதானம் சொல்லிவிட்டு நான் பேங்குக்குப் போனேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சம்பளச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மே மாசம் உங்களுக்குச் சம்பளம் கிடையாதுங்களே மேடம்?"

"ஆமாங்க. லீவு மாசம்."

"தவணைக்கு லீவு கிடையாதுங்களே. அதோட வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைன்னு போட்டிருக்குது."

பஸ் மலையேறும்போது முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதே பேங்க் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களைக் கேள்வி கேட்காமல் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறது. அந்த அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற என்னைத்தான் நம்பவில்லை. காரணம், அரசாங்கம் மே மாதத்தை மிச்சம் பிடிக்கிறது. செலவுக் குறைப்பு என்று வகுப்பில் நான் ஒரு கோடு இறங்குவதைப் போட்டுக் காட்டுவேன். அந்தக் கோடு இறங்கி வந்து எங்கே நிற்கிறது என்று யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் வந்து நின்றிருந்தது. அரசாங்கம் குறைத்த செலவு மாயமாய்ப் போய்விடுவதில்லை, வேறொரு அடுப்படிக்கு இடம் மாறுகிறது. அதிகாரி சொன்னதிலும் தப்பில்லைதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் எனக்குக் கடன் கொடுக்க மாட்டேன்.

கிடைக்கவில்லை என்று சொன்னதும் அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. "கடனோட ரிட்டயர் ஆகறது சுமையோட தூங்கப் போற மாதிரி கண்ணு" என்றார். என்னிடம் இதற்கும் மறுப்பு இருந்தது. ஆனால் முதல் முறையாக, இவருக்கு அது பொருந்தாது என்று தோன்றியது. நூறு வருடம் ஓடுகிற ஒன்றுக்குச் சரியான நியாயத்தை இன்னும் இருபது வருடம் நிம்மதியாய் இருக்க நினைக்கிற மனுஷன்மேல் சுமத்த முடியுமா? அரசாங்கம் வீடு அல்ல என்று இத்தனை நாள் சொன்னேனே, வீடு அரசாங்கம் அல்ல என்றும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

மலையிலேயே வாடகைக்குத் தேடினோம். டவுனில் மாத வாடகை எவ்வளவு என்று கேட்டால், "சனி ஞாயிறு ரேட்டுங்களா, சாதா நாள் ரேட்டுங்களா?" என்றார் ஒருவர். அறை விடுகிற ஊரில் வீடு விட யாருக்கு மனசு வரும்? கேட்ட வாடகைகளைக் கொடுத்தால் அப்பாவின் வட்டிப் பணத்தில் வாடகை போக மிஞ்சுவது மொய் எழுதத்தான் ஆகும்.

அப்போதுதான் டவுனில் பஸ் நிற்கிற ஒண்டிக்கடை முக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு போக்கியத்துக்கு வருவதாக அம்மா விசாரித்துக்கொண்டு வந்தாள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாக மலையில் விவசாயம் பார்க்கிற குடும்பம். கொஞ்சம் காபி, கொஞ்சம் கொய்யா, மரத்துக்கு மரம் மிளகு. எஸ்டேட்டுக்கு நாற்று வாங்க வந்தவர் என்பதால் அப்பாவைத் தெரியும். மூன்று பேரும் போனோம்.

வீடு நன்றாக இருந்தது. அம்மா நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். அப்பா வெளியிலேயே நின்று கேட்டார்.

"காலி பண்றப்ப மொத்தத்தையும் எங்கிருந்துங்க எடுத்துத் தருவீங்க?"

"அடுத்தாப்புல குடி வர்றவங்ககிட்ட வாங்கித்தானுங்க ரைட்டரே." அவர் ஒளிக்காமல் சொன்னார். "இவங்ககிட்ட வாங்கி அவங்களுக்கு. வேற எப்படிங்க?"

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, இதத்தானுங்க நான் அன்னைக்குச் சொன்னேன்! அரசாங்கம் பண்றது அப்படியே இதுதான்!"

வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். "அப்ப நானும் கவர்மெண்டுங்களா கண்ணு?"

"ஆமாமா" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "மொதல்ல வாசலுக்கு ஒரு ரோடு போடச் சொல்லுங்க அந்தக் கவர்மெண்ட. சேத்துல கால் வெக்க முடியல."

"கவர்மெண்டுக்குத் தர முடியலன்னா வரி போடும்" என்றார் அப்பா, சிரிக்காமல். "நீங்க யாருக்கு வரி போடுவீங்க?"

"எனக்கு மொளகுக்கொடி இருக்குதுங்களே."

"ஒரு மழ தப்புனா?"

"ஏனுங்க ரைட்டரே, மழ தப்புனா கவர்மெண்டுக்கு மட்டும் வந்து கொட்டுதுங்களா?"

அவர் மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, பணம் அதற்குத்தான் என்று அம்மாதான் அவளிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டாள். எத்தனை வருஷம், ஹாஸ்டலுக்கு எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று எல்லாம் கேட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு என்றால் அம்மாவுக்குத் தனி அக்கறை.

திரும்பி நடந்து வரும்போது அப்பா ஒரேயடியாக வேண்டாம் என்றார். "வாழ்க்க பூரா சேத்ததக் கொண்டுபோய் ஒரு மனுஷன் கையில குடுத்துப்போட்டு, அடுத்தவன் எப்ப வருவான்னு பாத்துட்டிருக்கச் சொல்றியா?"

நான் வேண்டும் என்றேன். கடன் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள், அந்தப் பெண் படித்து முடித்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு வரவு வருகிறது, வெறுமனே கல்யாணச் செலவுக்கு வாங்கினால்தான் பயம் என்றேன். இருவரும் மாறி மாறிப் பேசினோம். அம்மா நடுவில் நின்றாள்.

"ஏனுங்க, பாதியக் குடுக்கலாமுங்க. மிச்சப் பாதிக்கு மாசா மாசம் வாடகையாக் குடுத்துப்போடலாம். கீழ சேலத்துல அப்படித்தான் நெறையப் பேரு இருக்கறாங்க. அந்தப் புள்ளைக்கும் மாசம் ஹாஸ்டலுக்குக் கட்டணுமில்ல, ஒரே தடவயா வாங்கி அவரு என்ன பண்ணப் போறாரு? நம்ம பாதி நம்மகிட்ட இருக்கட்டும்."

அப்பா நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார், பிறகு வந்த வழியே திரும்பி நடந்தார்.

வீட்டுக்காரர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அப்பா ஒரு நிபந்தனை சேர்த்தார். போக்கியக் கெடு முடிந்தும் பணம் திரும்பி வரவில்லையென்றால், வரும்வரை வாடகை இல்லாமல் குடியிருப்போம், தோட்டத்து மிளகில் ஒரு பங்கும் எங்களுக்கு. "ரைட்டருன்னா ரைட்டருதானுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார். மீதிப் பாதியை ஓய்வு பெற்றவர்களுக்கான சேமிப்புத் திட்டத்தில் போடலாம் என்று நான் சொன்னேன். அப்பா ரிட்டயர் ஆகிப் பணம் கைக்கு வந்து, போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது, இந்தப் பணம் யாரிடம் போகிறது என்று கேட்டார் அப்பா.

"அரசாங்கத்துக்கிட்டத்தாங்கப்பா. நீங்க அதுக்குக் கடன் குடுக்கறீங்க."

"நானா?"

"நீங்கதான். இந்த வரிசைல நிக்கிற எல்லாருந்தான்."

அவர் முன்னால் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பெரும்பாலும் நரைத்த தலைகள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி குடுக்குமா?"

"குடுக்கும்."

"அப்ப இந்தக் கடன மட்டும் சீக்கிரம் அடைச்சுப்போட வேண்டாம்னு சொல்லு."

வகுப்பில் இப்போதெல்லாம் பலகையில் அந்த வரியை எழுதிய பிறகு கொஞ்சம் நிற்கிறேன். அரசாங்கம் வீடு அல்லதான். ஆனால் அதன் கடன் முழுவதும் எங்கோ ஒரு வீட்டின் சேமிப்பு. கடனே இல்லாத அரசாங்கம் வேண்டும் என்றால், அந்த வரிசையில் நின்றவர்கள் எங்கே போய்ப் போடுவார்கள்? அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்றும் இல்லை. வட்டிக்கே வருமானம் போய்விட்டால், அடுத்து நிறுத்தப்படுவது இன்னும் எத்தனை பேரின் மே மாதமோ. இதற்கு முடிந்த முடிவாக ஒரு விடை என்னிடம் இல்லை. மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை, பரீட்சைக்கு எதை எழுதுவது என்று கேட்கிறார்கள்.

நாங்கள் குடிபோன வாரத்திலேயே அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி திறந்தது. அவளை வழியனுப்ப ஒண்டிக்கடைக்கு எல்லோரும் போனோம். அவள் அப்பா பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அம்மா அழுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா அவளைக் கூப்பிட்டு, "நல்லாப் படி கண்ணு. எங்க ஊடு உன் கையிலதான் இருக்குது" என்றார்.

அவளுக்குப் பயம் வந்ததோ என்னவோ, துடுக்காகக் கேட்டாள். "நான் பெயிலானா ஊட்டக் காலி பண்ணிப்போடுவீங்களா மாமா?"

"நீ பெயிலானா உங்கப்பனால பணந் தர முடியாது. பணந் தராட்டி நாங்க எதுக்குச் சாமி காலி பண்றோம்? வாடகையுமில்லாம உங்க மொளகத் தின்னுட்டு உக்காந்திருப்போம்."

"பஸ் ஏறப் போற புள்ளைகிட்டப் பேசற பேச்சுங்களா இது?" என்று அம்மா அவரை முறைத்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே படியேறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"அப்ப நான் பாஸாகி உங்களக் காலி பண்ண வெக்கறேன், பாருங்க மாமா!"

"வெய்யி" என்றார் அப்பா.